கால் இறங்கும் இடம்

இருபத்தேழு என்று எழுதிய சீட்டை உள்ளங்கைக்குள் மடித்து வைத்துக்கொண்டு சாரதாமணி வரிசையில் நின்றாள். பதினான்காம் சீட்டுக்காரர் இப்போதுதான் வண்டியைக் கிளப்புகிறார். அவரையும் சேர்த்து இன்னும் பதின்மூன்று பேர், ஆளுக்கு மூன்று நிமிடம், ஆக முப்பத்தொன்பது நிமிடம் என்று அவள் மனம் கேட்பாரின்றித் தானே பெருக்கிச் சொன்னது. இருபத்தாறு ஆண்டுகள் கணக்கு ஆசிரியையாக இருந்ததில் வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. அச்சம் வந்தால் மற்றவர்கள் கடவுள் பெயரைச் சொல்வார்கள், அவள் பெருக்குவாள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் பின்புறத்து மைதானத்தில், செம்மண்மேல் சுண்ணாம்பால் இழுத்த எட்டு ஒன்று வெயிலில் வெளுத்துக் கிடந்தது. அதன் வழியே கால் தரையில் படாமல் வண்டியில் ஒரு சுற்று வந்துவிட்டால் ஓட்டுநர் உரிமம்; பட்டுவிட்டால் வீட்டுக்கு. முன்பு இரண்டு முறை அவள் வீட்டுக்குப் போயிருக்கிறாள். முதல் முறை முதல் வளைவிலேயே கால் இறங்கிற்று. இரண்டாம் முறை நடுவில், இரு வட்டங்களும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும் அந்த இடத்தில். ஆயுளில் எத்தனை எட்டு எழுதியிருப்பாள்! கரும்பலகையில், விடைத்தாளின் மூலையில், வருகைப் பதிவேட்டில், கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் எழுதிய எட்டுகள். கையால் எழுதியது உடம்பால் எழுத வரவில்லை. ஐம்பத்தொரு வயது உடம்பு. புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தலைக்கவசத்தைக் குழந்தையைப்போல் இடுக்கிக்கொண்டு, பேரன் பேத்தி எடுக்கும் வயதில் இந்த இருபது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே நிற்கும் உடம்பு. நிற்கட்டும். நின்றால்தான் என்ன? முப்பத்தாறு நிமிடம்.

நிற்பதற்குக் காரணம் இருந்தது. காரணம் நான்கு நாற்பது மணிப் பேருந்து. கணவர் நல்லமுத்துவின் கண்ணுக்குள் நீரழுத்தம் ஏறி, இனி வண்டியைத் தொடக் கூடாது என்று மருத்துவர் சொன்ன நாள்வரை, அவரே பள்ளியில் கொண்டுபோய் விடுவார், அவரே வந்து அழைத்துக்கொள்வார். பத்தாம் வகுப்புக்கு மாலை ஆறுவரைகூடச் சிறப்பு வகுப்பு எடுத்திருக்கிறாள். இப்போது நான்கு நாற்பதை விட்டால் ஊர் திரும்ப வேறு பேருந்து இல்லை. மணி அடித்ததும் முதலில் வாசலைத் தாண்டுகிறவர் கணக்கு டீச்சர்தான் என்று பிள்ளைகள் பேசிக்கொள்வது அவள் காதுக்கும் வந்தது. அதனால்தான் அந்தச் சிறு புத்தகம். அதனால்தானா? அதனால் மட்டும்தானா? பதினொரு பக்கம், நகலெடுத்து ஓரத்தில் பின் அடித்தது. வடிவொத்த முக்கோணம் வரைதல், தொடுகோடு, வரைபடம், கொஞ்சம் இரண்டு மதிப்பெண் வினாக்கள். இவ்வளவையும் உருப்போட்டுவிட்டால் முப்பத்தைந்து வந்துவிடும், பிள்ளை தேறிவிடும், பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு தப்பிக்கும். எல்லாப் பள்ளியிலும் செய்வதுதான். மினிமம் மெட்டீரியல் என்று அதற்கு ஒரு பெயர். அதை வாங்கும் பிள்ளைகளுக்கு மெல்லக் கற்போர் என்று ஒரு பெயர். பெயர் வைப்பதில் நாம் யாருக்கும் இளைத்தவர்களில்லை. காலாண்டுத் தேர்வு முடிந்து, இந்த ஆண்டுக்கான மெல்லக் கற்போர் பட்டியலை இன்று மதியத்துக்குள் தரவேண்டும் என்று தலைமையாசிரியர் குழந்தைசாமி சொல்லியிருந்தார். திங்கட்கிழமை முதல் பட்டியலில் உள்ளவர்களுக்குத் தனி அறை. அந்த அறையில் பாடம் கிடையாது. பதினொரு பக்கம் மட்டும், மார்ச் மாதம்வரை. பட்டியலை அவள் எழுதி முடித்துக் கைப்பையில் வைத்திருந்தாள். பதினொரு பக்கத்துக்குப் பதினொரு பேர். பதினோராவது பெயரை நேற்றிரவு எழுதும்போது பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதிற்று. சங்கவி, இருபத்துமூன்று மதிப்பெண். இருபத்துமூன்று என்றால் இருபத்துமூன்றுதானே? கணக்கில் இரக்கம் உண்டா?

லாரிப் பட்டறைகளிலிருந்து தகரம் அடிக்கும் ஓசை விட்டுவிட்டு வந்தது. அலுவலகக் கூரைக்கு மேலே, வெகு அருகில் இருப்பதுபோல, கரட்டு மலை. அதைப் பார்க்க வேண்டாம் என்று அவள் நினைத்தாள்; நினைத்ததனாலேயே பார்த்தாள். போன செவ்வாய்க்கிழமை. மாதிரிக்கு இரண்டு மூன்று பேரிடம் அந்தச் சிறு புத்தகத்தைக் கொடுத்துப் பார்த்தபோது, வாங்கிக்கொண்ட சங்கவி போகாமல் மேசையருகே நின்றாள். ஒல்லியான பெண். எண்ணெய் வைத்து இறுக்கிய சடை, சீருடையின் தோளில் எப்போதும் இரண்டொரு பஞ்சிழை; அம்மா தறிப்பட்டறையில் வேலை. "என்னம்மா?" "டீச்சர், இதுல அந்தப் பாடம் இல்லீங்களே." "எந்தப் பாடம்?" "ஏறாமயே மலையோட உசரத்தக் கண்டுபிடிக்கிறதுன்னு பெரிய புத்தகத்துல படம் போட்டிருக்குதுங்களே, அதுங்க. நம்ம கரட்டுக்கும் அப்படிக் கண்டுபிடிக்கலாமுங்களா டீச்சர்?" மணி நான்கு முப்பத்தொன்று. பேருந்து நிறுத்தத்துக்கு ஏழு நிமிட நடை. "அது உனக்கு வேண்டாம்மா. உனக்கு இது போதும்." அன்பாகத்தான் சொன்னாள். கன்னத்தில் தட்டிக்கூடக் கொடுத்தாள். பெண் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டது. முகம் கோணவில்லை, கண் கலங்கவில்லை, ஏற்கெனவே பலமுறை கேட்ட செய்தியை இன்னொருமுறை கேட்பவளைப்போலப் போய்விட்டது. அதுதான், அந்தத் தலையாட்டல்தான். அழுதிருந்தால் சாரதாமணி அன்றே மறந்திருப்பாள். போதும். உனக்கு இது போதும். சோற்றுக் கரண்டியைப் பானைக்குள் திரும்பப் போட்டு மூடுகிற சொல்.

"ஏனுங்க்கா, உங்களுக்கு எத்தனாவது வாட்டிங்க?" முன்னால் நின்ற பெண் திரும்பிக் கேட்டாள். மருந்துக்கடைச் சீருடை அணிந்திருந்தாள். நெற்றி முழுக்க வியர்வை. "மூணாவது" என்றாள் சாரதாமணி. சொன்ன பிறகு, மதிப்பெண்ணைத் தானே உரக்கப் படித்ததைப்போல் இருந்தது. "அப்ப உங்களுக்கு எல்லாம் தெரிஞ்சிருக்குமுங்க. எனக்கு மொதோ வாட்டி. நடுவுல திருப்பறப்போ நெஞ்சு தண்டவாளத்துல ரயிலு போறாப்ல அடிச்சுக்குது." சாரதாமணிக்குச் சிரிப்பு வந்தது. மூன்றாம் முறை தோற்க வருகிறவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்று இந்தப் பெண் எண்ணுகிறாளே! வகுப்பில் யாராவது அப்படி எண்ணியதுண்டா? இரண்டாம் முறை அதே பாடத்தை எழுத வந்தவனை, உனக்கு இதில் பழக்கம் இருக்கும், சொல் என்று எந்த ஆசிரியர் எழுப்பியிருக்கிறார்? அதற்குள் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் ஈஸ்வரமூர்த்தி வந்து சேர்ந்தான். அவளுக்கு மூன்று மாதமாக வண்டி பழக்குகிறவன். வாயைத் திறந்தால் மூடாதவன். "டீச்சர், கடைசியா ஒருக்கா சொல்லிப்போடறனுங்க. கோவிச்சுக்காதீங்க. பேசாம பின்னால ரெண்டு பக்கமும் சக்கரம் வெச்ச வண்டிக்கு மாறிக்கலாமுங்க. அதுக்கு எட்டும் கெடையாது, ஏழும் கெடையாது. என்றகிட்ட வந்தவங்கள்ல உங்க வயசுக்காரங்க நாலு பேரு அப்படித்தான் போறாங்க. ஸ்கூலுக்குப் போகோணும், வரோணும், அவ்வளவுதானுங்களே? உங்களுக்கு அது போதுமுங்க." கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வந்தது வேறு ஒன்று: தலை தானாக ஆடிற்று. ஆமாம் என்று ஆடிற்று. அவன் போன பிறகும் கழுத்தில் அந்த அசைவு இருந்தது. இதே அசைவை, இதே அளவில், போன செவ்வாய்க்கிழமை நான்கு முப்பத்தொன்றுக்கு அவள் எதிரே கண்டிருக்கிறாள்.

பத்தொன்பதாம் சீட்டு. ஒரு கல்லூரி மாணவன் பாதி எட்டில் இரு காலையும் ஊன்றிவிட்டு, "அம்மா தாயே, நான் நடந்தே போய்க்கறேன்" என்று கும்பிட, வரிசை முழுவதும் சிரித்தது. ஆய்வாளர் சிரிக்கவில்லை. காக்கி உடையும் கருப்புக் கண்ணாடியுமாக முப்பது வயதுப் பெண்; அட்டையில் ஏதோ குறித்துவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். குறி. சரி அல்லது தவறு. சாரதாமணியின் மனம் சங்கவியின் விடைத்தாளுக்குப் போயிற்று. போகாதே என்றாலும் போயிற்று. ஐந்து மதிப்பெண் வினா, இருபடிச் சமன்பாடு. முதல் இரண்டு வரி இருந்தது, மூன்றாவது வரியில் ஏதோ அடித்தல் திருத்தல், பிறகு வெற்றிடம். அவள் அதன்மேல் குறுக்காக ஒரு சிவப்புக் கோடு இழுத்து ஓரத்தில் ஒன்று போட்டாள். ஒன்றரை போட்டிருக்கலாமோ? அது பேச்சில்லை. அந்த மூன்றாவது வரியில் என்ன இருந்தது? அடித்ததற்கு அடியில் என்ன எழுதியிருந்தாள்? ஞாபகம் இல்லை. பார்க்கவில்லை. நாற்பத்திரண்டு தாள், தாளுக்கு ஆறு நிமிடம், நான்கு மணி பன்னிரண்டு நிமிடம், பார்க்க நேரமில்லை. நேரமில்லை என்பது ஒரு நல்ல போர்வை. எதன்மேலும் போர்த்தலாம். பெற்றோர் கூட்டத்துக்கு அந்தப் பெண்ணின் அம்மா வந்தாள். இரவு ஷிப்ட் முடித்துக் குளித்துவிட்டு நேராக வந்தவள், உட்காரச் சொன்னால் உட்கார மாட்டேன் என்றாள், உட்கார்ந்தால் தூங்கிவிடுவாளாம். "கணக்கு எல்லாருக்கும் வந்துடாதுங்கம்மா" என்று சாரதாமணி ஆறுதலாகச் சொன்னாள். அந்த அம்மாள் யோசித்தாள். "ஆமாங்க டீச்சர். எனக்குக் கூடப் பட்டறைக்குப் போன புதுசுல அறுந்த எழைய முடிச்சுப் போட வரலீங்க. ஆறு மாசம். எல்லாரும் சிரிச்சாங்க. அப்பறம் ஒரு நா, எழை எந்த எடத்துல அறுவுதுன்னு பாக்கப் பழகுனனுங்க. அந்த எடந் தெரிஞ்சிருச்சுன்னா கை தன்னால போயிருமுங்க. இவுளுக்கு எந்த எடத்துல அறுவுதுங்க டீச்சர்?" கேட்டாளா? அப்படியேதான் கேட்டாளா? கேட்டாள். சாரதாமணி அதற்கு, "முயற்சி பண்ணச் சொல்லுங்க" என்று பதில் சொன்னாள். மூன்றாண்டு பட்டமும் ஓராண்டு ஆசிரியப் பயிற்சியும் இருபத்தாறு ஆண்டு அனுபவமும் சேர்ந்து சொன்ன பதில். வரிசையில் நின்றபடியே அவளுக்குக் காது சுட்டது. வெயில் என்று சொல்லிக்கொள்ளலாம். வெயில் இல்லை.

இருபத்துமூன்று. இருபத்துநான்கு. தண்ணீர்ப் புட்டி வண்டியில் இருக்கிறது; போய் எடுத்தால் முறை போய்விடும். விழுந்தால் என்ன ஆகும் என்று மனம் மெல்ல ஆரம்பித்தது; முழங்கால், இடுப்பு, படுக்கை, நல்லமுத்து கண்ணுக்குச் சொட்டு மருந்தையும் தானே விட்டுக்கொண்டு சோற்றையும் தானே வடிப்பது. போதும், நிறுத்து. ஏன் விழுகிறேன்? இதுவரை அவள் இப்படிக் கேட்டுக்கொண்டதே இல்லை. விழுகிறேன் என்று அழுதிருக்கிறாள், எனக்கு வராது என்று சொல்லியிருக்கிறாள். ஏன் என்று கேட்டதில்லை. முதல் தோல்விக்குப் பிறகு அவள் செய்த காரியம் வேறு யாரும் செய்யாதது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த மைதானத்துக்கு வந்து, அடிமேல் அடி வைத்து எட்டை அளந்தாள். ஒரு வட்டத்தின் ஆரம் பதினோரு அடி. வீட்டில் கவராயத்தை எடுத்துத் தாளில் அளவு பிசகாமல் வரைந்து, எந்த இடத்தில் எவ்வளவு திருப்ப வேண்டும் என்று கோணம் குறித்து, அதை மனப்பாடம் செய்தாள். தேர்வு அன்று முன்சக்கரத்தைச் சுண்ணாம்புக் கோட்டின்மேலேயே வைத்து ஓட்டினாள், கவராயத்தின் பென்சில் முனையைப்போல. விழுந்தாள். கோட்டப் பாக்காதீங்க டீச்சர், போற எடத்தப் பாருங்க என்று ஈஸ்வரமூர்த்தி தொண்டை கிழியக் கத்தினான். கோட்டைப் பார்க்காமல் வட்டம் வருமா? வராது என்று கணக்கு சொல்லிற்று. எட்டு மனப்பாடமாக இருந்தது. வரவில்லை. மனப்பாடமாக இருந்தது, வரவில்லை. பதினொரு பக்கமும் அப்படித்தானே?

மருந்துக்கடைப் பெண்ணின் சீட்டு இருபத்தாறு. அவள் எட்டைப் போட்டு முடித்துவிட்டு, நிறுத்த மறந்து, மைதானத்தின் மூலைவரை போய்த் திரும்பி வந்தாள். "அக்கா! வந்துருச்சுங்க்கா! நீங்களும் போடுங்க, ஒண்ணுமே இல்லீங்க!" ஒன்றுமே இல்லையாம். வந்தவர்களுக்கு எப்போதும் ஒன்றுமே இல்லைதான். அவளும் வகுப்பில் ஒவ்வொரு நாளும் அதைத்தானே சொல்கிறாள், இது ஒண்ணுமே இல்ல, சுலபம், பாரு என்று. இருபத்தேழு என்று ஆய்வாளர் கூப்பிட்டார். கூப்பிட்ட எண் தன்னுடையது என்பது ஒரு கணம் கழித்தே உறைத்தது. ஈஸ்வரமூர்த்தி வண்டியைப் பிடித்திருந்தான். இருக்கை சுட்டது. கிளம்பிற்று. முதல் வளைவு, கண்ணைக் கோட்டிலிருந்து பிடுங்கி எதிரே எறிந்தாள், அங்கே மலை நின்றது, மலையைப் பிடித்துக்கொண்டாள், கைப்பிடியைவிட உறுதியாகப் பிடித்துக்கொண்டாள், முதல் வளைவு தானாகக் கழன்று பின்னால் போயிற்று, இங்கேதான் முதல் முறை, இல்லை அது பழையது, நடு, வெட்டும் இடம், சுண்ணாம்பு கீழே வெள்ளையாய் வா வா என்றது, தலை தாழ்ந்தது, தூக்கு, தூக்கினாள், மருந்துக்கடைப் பெண்ணின் வாய் திறந்திருந்தது, நடு கடந்தது, நடு கடந்துவிட்டது, இதுவரை வராத மண்ணுக்கு வந்துவிட்டாள், இதற்குமேல் எப்படி இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது, இரண்டாம் வட்டம், பெரியதாக, முடிவே இல்லாததாக, இப்போது மலை முதுகுப்புறம் போய்விட்டது, பார்க்க ஒன்றுமில்லை, ஒரு மஞ்சள் சுவர், ஒரு குழாய், எதைப் பார்ப்பது, எதைப் பார்ப்பது, முன்சக்கரம் சரியாகத்தான் இருக்கிறதா என்று ஒரே ஒரு கணம், ஒரே ஒரு கணம்தான்.

வலது கால் மண்ணில் நின்றது.

செருப்புக்கடியில் சுண்ணாம்பு நொறுங்கும் சத்தம்கூடக் கேட்டது. கடைசி வளைவு, முடியும் இடத்துக்கு இன்னும் நான்கு முழம் இருக்கும். வரிசையில் யாரும் சிரிக்கவில்லை; அடடா என்று யாரோ சொன்னார்கள். அது சிரிப்பைவிட மோசமாக இருந்தது. ஆய்வாளர் அட்டையில் குறித்தார். "இருபத்தெட்டு." எல்லாரையும்போல வண்டியை உருட்டிக்கொண்டு போயிருக்க வேண்டும். சாரதாமணி உருட்டவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு ஆய்வாளர் முன்னால் போய் நின்றாள்.

"மேடம், நான் எங்க தப்புப் பண்ணினேன்?"

"கால் ஊனிட்டீங்கம்மா. ஏழு நாள் கழிச்சு வாங்க."

"கால் ஊனினது எனக்கும் தெரியும். அதுக்கு முன்னாடி என்ன பண்ணினேன்?"

ஆய்வாளர் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாமல் அவர் இன்னும் இளையவராக, இரவு சரியாகத் தூங்காதவராகத் தெரிந்தார். "ஆறு வருசமா இந்த வேலையில இருக்கேன். இதை யாரும் கேட்டதில்ல. எல்லாரும் இன்னொரு தடவை விடுங்கன்னுதான் கேப்பாங்க." அவர் பேனாவால் மைதானத்தைச் சுட்டினார். "நடுவுல ஒருதரம் தலையக் குனிஞ்சீங்க. ஆனா நிமிந்துட்டீங்க, வண்டியும் நிமிந்துடுச்சு. கடைசி வளைவுல குனிஞ்சீங்க, நிமிரல. கால் அப்புறம்தான் இறங்குச்சு. உங்களுக்குக் கால்ல கோளாறு இல்லம்மா. மத்த ரெண்டு வளைவும் நல்லாவே போட்டீங்க."

நல்லாவே. சாரதாமணி அந்தச் சொல்லை அப்படியே விட்டுவிட்டாள். அவளுக்கு வேண்டியது அதற்கு முந்தைய வாக்கியம். கோளாறு காலில் இல்லை. மூன்று மாதமாகக் காலைத் திட்டிக்கொண்டிருந்தாள், வயதைத் திட்டிக்கொண்டிருந்தாள். இப்போது ஒரு இடம் கிடைத்துவிட்டது. கடைசி வளைவு, மலை முதுகுக்குப் போகும் இடம், மஞ்சள் சுவர். சுவரில் பார்ப்பதற்கு எதையாவது தேர்ந்து வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் குழாய் போதும். போதும் என்ற சொல் இந்த ஒருமுறை நல்ல இடத்தில் வந்து உட்கார்ந்தது. ஈஸ்வரமூர்த்தி தலையைச் சொறிந்துகொண்டு வந்தான். "டீச்சர், அந்தச் சக்கரம் வெச்ச வண்டி..." "அடுத்த வியாழக்கிழமைக்கு என் பேரை எழுதிக்கோ ஈஸ்வரமூர்த்தி. அதுவரைக்கும் தெனமும் கடைசி வளைவு மட்டும். முதல் ரெண்டும் எனக்கு வரும்." அவன் வாயை மூடினான். அவள் அறிய அது முதல் தடவை.

ஓரத்தில் கிடந்த சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்து கைப்பையைத் திறந்தாள். பட்டியல். மெல்லக் கற்போர், பத்தாம் வகுப்பு, கணக்கு. வரிசை எண், பெயர், மதிப்பெண். மூன்று கட்டம், அதற்குமேல் எதுவும் கேட்காத மூன்று கட்டம். அடிக்கோலுக்குப் பதிலாக ஓட்டுநர் பயிற்சி அட்டையின் விளிம்பை வைத்து நான்காவதாக ஒரு கட்டம் இழுத்தாள். தலைப்பு என்ன எழுதுவது? யோசித்துவிட்டு, கால் இறங்கும் இடம் என்று எழுதினாள். தலைமையாசிரியருக்குப் புரியாது, புரியவைக்கலாம். முதல் பெயர், ஹரிபிரசாத். அவனுக்குத் தெரியும்: சமன்பாட்டில் ஓர் எண் பக்கம் மாறும்போது குறியை மாற்ற மறப்பான், அங்கிருந்து எல்லாம் பிழை. எழுதினாள். நான்காம் பெயர், சுவாதிகா: பின்னம் என்றாலே பேனாவை வைத்துவிடுவாள். எழுதினாள். ஏழாவது, முகமது அனஸ்: செய்வது சரி, வினாவைப் படிப்பதுதான் பிழை, தமிழில் நீளமான வினா என்றால் பாதியிலேயே கணக்கைத் தொடங்கிவிடுவான். எழுதினாள். அவ்வளவுதான். பேனா மேலும் கீழும் அலைந்தது. மற்ற எட்டுப் பேருக்கு எழுத அவளிடம் ஒன்றும் இல்லை. எட்டுப் பிள்ளைகள், ஐந்து மாதமாக நாள்தோறும் நாற்பது நிமிடம் அவள் கண் முன்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள். எங்கே விழுகிறார்கள் என்று தெரியாது, விழுந்தார்கள் என்று மட்டும் தெரியும். பதினோராம் பெயருக்கு நேராகப் பேனா நெடுநேரம் நின்றது. மூன்றாவது வரி. அடித்தல் திருத்தல். பிறகு வெற்றிடம். வெட்கமாக இருந்தது; வெட்கத்தோடேயே, கட்டத்துக்குள் அடங்கும்படி சிறிய எழுத்தில் எழுதினாள்: ஆசிரியைக்குத் தெரியாது. கேட்க வேண்டும்.

கைப்பேசி அடித்தது. குழந்தைசாமி. "என்ன டீச்சர், லைசென்ஸ் வந்துருச்சா? ஸ்வீட் உண்டா?"

"இல்லீங்க சார். கடைசி வளைவு பாக்கி."

"அடடா. சரி, அத விடுங்க. அந்தப் பட்டியல் மதியத்துக்குள்ள வேணுமே. திங்கக்கிழமை அறை ஒதுக்கணும்."

"பட்டியல் தர்றேன் சார். அறை வேண்டாம்."

"டீச்சர், நூத்துக்கு நூறு காட்டணும்னு மேல இருந்து நெருக்கறாங்க. உங்களுக்குத் தெரியாததில்ல. அந்தப் புள்ளைகளுக்கு நீங்க சாயந்திரம் இருந்தும் எடுக்க முடியாது. பஸ்ஸு போயிரும்."

"காலையில ஏழே காலுக்கு ஒரு பஸ் இருக்குதுங்க சார். எட்டு மணிக்கு ஸ்கூல்ல இருப்பேன். லைசென்ஸ் வர்றவரைக்கும் அப்படி. வந்ததுக்கு அப்புறம் சாயந்திரமும்."

ஏழே கால் பேருந்து இன்று முளைத்ததில்லை. ஜூன் மாதமும் அது ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த எண்ணம் முள்ளாகக் குத்திற்று. குத்தட்டும் என்று விட்டாள், பிடுங்க இப்போது நேரமில்லை. குழந்தைசாமி பெருமூச்சு விட்டார். "அரையாண்டு வரைக்கும் பாக்கறேன் டீச்சர். அதுல இந்தப் பதினொண்ணுல பாதியாவது மேல வரலீன்னா, நான் சொல்றபடிதான். அந்தச் சின்னப் புத்தகத்தத்தான் கையில கொடுக்கணும்."

"சரிங்க சார்" என்றாள். ஆறு வாரம், ஐந்து வேலைநாள், நாளுக்கு ஒரு மணி நேரம். முப்பது மணி. மனம் பெருக்கிற்று. ஆனால் இந்தப் பெருக்கலில் அச்சம் இல்லை. இது வேறு பெருக்கல்.

எழுந்து தலைக்கவசத்தை மாட்டினாள். மைதானத்தில் முப்பத்தோராம் சீட்டுக்காரர் நடு வளைவில் தள்ளாடிக்கொண்டிருந்தார். எல் பலகை தொங்கும் தன் வண்டியில் ஏறி உட்கார்ந்து, பின்னிருக்கையைக் கையால் தட்டினாள். "ஏறு ஈஸ்வரமூர்த்தி. நான் ஓட்டறேன். ஸ்கூலுக்கு."

"அரை நாள் லீவு போட்டிருக்கறதா சொன்னீங்க?"

"நாலாவது பீரியடு ஆரம்பிக்கறதுக்குள்ள போகணும். ஒரு பொண்ணுகிட்ட ஒரு வரியில என்ன எழுதி அடிச்சான்னு கேக்கணும்." வண்டியைக் கிளப்பினாள். "அப்புறம் அவளுக்கு ஒரு மலையோட உயரம் வேணுமாம்."

அவன் ஏறியபோது வண்டி ஒருமுறை சாய்ந்தது. இடது கால் இறங்கப் பார்த்தது. சாரதாமணி தலையை நிமிர்த்தினாள். கால் திரும்ப ஏறிக்கொண்டது.